ஷோஸ்தகோவிச்சின் ஐந்தாவது சிம்பொனி: நடுவிலிருந்து தொடங்கிக் கேட்க ஒரு முழுமையான வழிகாட்டி

சிம்பொனி ஒன்றை முழுசாகக் கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்தால் பத்தாவது நிமிடத்தில் கை தன்னால் போன் பக்கம் போய்விடுகிறது என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு நிறைய. அவர்கள் எல்லோரும் நல்ல ரசிகர்கள். ஒரு பாட்டில் பல்லவி எப்போது திரும்பும், சரணம் எங்கே ஏறும் என்பது நமக்கு யாரும் சொல்லித்தராமலே தெரியும். வார்த்தையே இல்லாமல் 45 நிமிடம் ஓடும் இசையில் எதைப் பிடித்துக்கொள்வது என்பதுதான் தெரிவதில்லை.

அந்தப் பிடிகளை ஒரே ஒரு படைப்பை வைத்துக் காட்டுகிறேன். திமித்ரி ஷோஸ்தகோவிச் 1937-இல் எழுதிய ஐந்தாவது சிம்பொனி, டி மைனர் (டி என்ற சுரத்தை ஆதாரமாகக் கொண்ட, சோகச் சாயல் உள்ள சுரவரிசை), ஓபஸ் 47, அதாவது படைப்பு எண் 47. இருபதாம் நூற்றாண்டு ரஷ்ய இசையில் முதலில் எதைக் கேட்பது என்று யார் கேட்டாலும் தயங்காமல் நான் சொல்வது இதைத்தான். நான்கு பகுதிகள். ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையில் போக வேண்டாம். மூன்றாவதில் தொடங்குங்கள். காரணம் போகப்போகப் புரியும்.

தொடங்கும் முன்

ஹெட்போன் வேண்டும். போனின் ஸ்பீக்கரில் கேட்டால் இந்தச் சிம்பொனியில் பாதி இல்லாமல் போய்விடும். இதில் மெல்லிய இடங்கள் மிக மெல்லியவை. மூன்றாம் பகுதியின் கடைசி நிமிடம் மின்விசிறிச் சத்தத்திலேயே கரைந்துவிடும். அதற்காக அங்கே ஒலியைக் கூட்டினால் அடுத்த பகுதியின் முதல் நொடியில் காது அதிரும். அதனால் முதலில் நான்காம் பகுதியின் தொடக்கத்தைப் பத்து நொடி ஓடவிட்டு, அது தாங்கும் அளவுக்கு ஒலியை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதைத் தொடாதீர்கள். மின்விசிறியை அணைக்க முடிந்தால் அணைத்துவிடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் என்றால் இன்னும் நல்லது.

எந்தப் பதிவு? முதல் தடவைக்கு, நடத்துநர் பெர்னார்ட் ஹைட்டிங்க் ஆம்ஸ்டர்டாமின் கன்சர்ட்கெபோ ஆர்க்கெஸ்ட்ராவோடு செய்தது போதும். நிதானமாக, தெளிவாக இருக்கும். ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியே கேட்கும். வேறு இரண்டு நடத்துநர்கள், லியனார்ட் பெர்ன்ஸ்டைனின் 1959 பதிவும், யெவ்கெனி ம்ராவின்ஸ்கியின் பதிவு ஏதாவது ஒன்றும் பின்னால் தேவைப்படும். எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: மூன்றாம் பகுதி மட்டும், கதை எதுவும் தெரியாமல்

இதன் பெயர் லார்கோ. மிக மெதுவாக, அகலமாக என்று பொருள். ஏறத்தாழ 13, 14 நிமிடம். இந்தப் பகுதி முழுக்க டிரம்பெட், டிரோம்போன், ஹார்ன் எதுவும் வாய் திறப்பதில்லை. பித்தளை வாத்தியக்காரர்கள் அத்தனை பேரும் மேடையில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

வயலின்காரர்கள் வழக்கமாக இரண்டு அணி. இங்கே ஷோஸ்தகோவிச் அவர்களை மூன்றாகப் பிரிக்கிறார். வயோலா இரண்டு, செல்லோ இரண்டு, அடியில் டபுள் பாஸ். ஆக எட்டுக் குரல்கள். தொடக்கத்தில் இந்தக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். ஒரு அணி பாடிக்கொண்டிருக்கும்போதே மேலே இன்னொரு அணி மெல்ல நுழையும். யார் எப்போது வந்தார்கள் என்று கவனிக்க முயலுங்கள். பெரும்பாலும் தவறவிடுவீர்கள். பரவாயில்லை. ஒரு வீட்டுக்குத் துக்கம் கேட்க வருகிறவர்கள் சத்தமில்லாமல் ஒவ்வொருவராக வந்து உட்கார்வது போல இருக்கும் அது.

கொஞ்ச நேரத்தில் தந்திகள் அடங்கும். ஹார்ப்பின் சில துளிகளுக்கு மேலே இரண்டு புல்லாங்குழல்கள். மறுபடி தந்திகள் ஏறி இறங்கும். அப்புறம்தான் இந்தச் சிம்பொனியிலேயே எனக்கு மிக நெருக்கமான இடம் வரும். வயலின்கள் வில்லை மிகச் சின்னதாக, வேகமாக ஆட்டி ஒரே ஒரு மெல்லிய நடுக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதற்கு மேலே ஒரு ஓபோ, மரக்குழல் வாத்தியம். தனி ஆள். பெரிய ராகமெல்லாம் இல்லை; அடுத்தடுத்த சுரங்களில் தயங்கித் தயங்கி நகர்கிறது, அவ்வளவுதான். ஓபோவின் குரல் நம் ஊர் நாகசுரத்துக்குத் தூரத்து உறவு; அதே இரட்டைச் சீவாளிக் குடும்பம். ஆனால் நாகசுரம் தெரு முழுக்க நிறையும். இது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு மட்டும் கேட்கிற குரல். ஓபோ முடித்ததும் கிளாரினெட், பிறகு புல்லாங்குழல், அதே புலம்பலை வாங்கித் தங்கள் பங்குக்குச் சொல்லும்.

பிறகு உச்சம். செல்லோக்கள் தங்கள் குரலுக்கு மீறிய மேல் ஸ்தாயியில் அதே ஓபோ மெட்டைத் தொண்டை கிழியப் பாடும். கூடவே பியானோ, சைலஃபோன். சைலஃபோன் மரக்கட்டைகளைச் சுத்தியலால் தட்டுகிற வாத்தியம். மற்ற இசைகளில் விளையாட்டாக ஒலிப்பது இங்கே எலும்பில் தட்டுவது போலக் கேட்கும். பித்தளை வாத்தியங்களைத் தொடாமலே இவ்வளவு பெரிய கதறலை அவர் எழுதியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

கடைசியில் எல்லாம் ஓய்ந்து ஹார்ப்பும் செலஸ்டாவும் (சின்ன மணிகள் போல ஒலிக்கும் விசைப்பலகை வாத்தியம்) சேர்ந்து அந்த மெட்டின் நினைவை மட்டும் உதிர்க்கும். அதற்குப் பின் தந்திகளின் ஒரு கோர்டு (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்), மேஜரில், அதாவது மைனரைவிட வெளிச்சமான சாயலில். துக்க வீட்டில் எல்லோரும் போன பிறகு யாரோ ஒருவர் விளக்கைச் சின்னதாக்கிவிட்டுப் போவது மாதிரி.

முதல் நாள் இவ்வளவு போதும். அடுத்த பகுதிக்குத் தானாக ஓடிவிடாமல் நிறுத்திவிடுங்கள்.

இரண்டாம் படி: இப்போது கதை

லார்கோவைக் கேட்ட பிறகே இதைச் சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம். கதையை முதலில் சொன்னால் காது கதைக்குச் சாட்சி தேட ஆரம்பித்துவிடும்.

ஷோஸ்தகோவிச் 1906-இல் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். மிக இளம் வயதிலேயே புகழ் வந்துவிட்டது. அவருடைய ‘ம்த்சென்ஸ்க் மாவட்டத்து லேடி மக்பெத்’ என்ற ஓபரா 1934-இல் மேடையேறி இரண்டு வருடம் வெற்றிகரமாக ஓடியது. 1936 ஜனவரி 26 அன்று மாஸ்கோவில் அதைப் பார்க்க ஸ்டாலின் வந்தார். முடியும் முன்பே எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, ஜனவரி 28-ஆம் தேதி கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகையான பிராவ்தாவில் கையெழுத்தில்லாத ஒரு கட்டுரை வந்தது. ‘இசைக்குப் பதில் குழப்பம்’ என்று தலைப்பு. கச்சேரிக்காக வடக்கே அர்ஹாங்கெல்ஸ்க் போயிருந்த ஷோஸ்தகோவிச் ரயில் நிலையத்தில் பத்திரிகை வாங்கி அங்கேயே அதைப் படித்தார். இந்த விளையாட்டு மிக மோசமாக முடியலாம் என்ற எச்சரிக்கை அதில் வெளிப்படையாகவே இருந்தது.

அந்தக் காலத்தில் அது வெறும் விமர்சனம் கிடையாது. அவரை ஆதரித்த செஞ்சேனைத் தளபதி மார்ஷல் துகாசெவ்ஸ்கி 1937 ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கா மரியாவின் கணவர், இயற்பியலாளர், கைது செய்யப்பட்டார். அக்கா மத்திய ஆசியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். மாமியார் தொழிலாளர் முகாமுக்கு அனுப்பப்பட்டார். ஷோஸ்தகோவிச்சின் மூத்த குழந்தை கலீனா பிறந்ததும் அதே 1936-இல்தான். நான்காவது சிம்பொனியை எழுதி முடித்து ஒத்திகை வரை போய், அந்த வருடக் கடைசியில் திரும்பப் பெற்றுக்கொண்டார். அது 25 வருடம் காத்திருந்து 1961-இல்தான் மேடையேறியது.

இந்த நிலையில் 1937 ஏப்ரல் 18 அன்று ஐந்தாவது சிம்பொனியைத் தொடங்கி ஜூலை 20-இல் முடித்தார். துகாசெவ்ஸ்கி கொல்லப்பட்டது இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில். லார்கோவை மூன்றே நாளில் எழுதினாராம்.

1937 நவம்பர் 21, லெனின்கிராட் (பீட்டர்ஸ்பர்க்கின் அன்றைய பெயர்) பில்ஹார்மோனிக் அரங்கம். மேடையில் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்த 34 வயது ம்ராவின்ஸ்கி, அப்போது பெரிய பெயர் இல்லாதவர். அரங்கில் இருந்தவர்களில் வீட்டில் ஒருவரையாவது இரவோடு இரவாக இழந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வெளியே அழுதால் யாருக்காக அழுகிறாய் என்ற கேள்வி வரும். லார்கோ ஓடும்போது அரங்கில் பலர் வாய்விட்டு அழுதார்கள். முடிந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் கைதட்டல். ம்ராவின்ஸ்கி இசைப் பிரதியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். கைதட்டியவர்கள் உண்மையான பார்வையாளர்கள்தானா, ஆள் சேர்த்துக் கூட்டி வந்தார்களா என்று விசாரிக்க அப்புறம் அதிகாரிகளே வந்தார்கள்.

‘நியாயமான விமர்சனத்துக்கு ஒரு சோவியத் கலைஞனின் படைப்புபூர்வமான பதில்’ என்று இதற்கு ஒரு பட்டம் ஒட்டிக்கொண்டது. பலரும் இதை ஷோஸ்தகோவிச் வைத்த தலைப்பு என்றே நினைக்கிறார்கள். அது ஒரு பத்திரிகையாளர் எழுதியது. ஷோஸ்தகோவிச் அதை மறுக்காமல் விட்டுவிட்டார். பிரதியில் இருப்பது ‘சிம்பொனி எண் 5’ மட்டும்.

மூன்றாம் படி: முதல் பகுதி, ஐந்து அடையாளங்களோடு

மொடராட்டோ, ஏறத்தாழ 15 நிமிடம். வழிதவற அதிக வாய்ப்புள்ள பகுதி இது. அதனால் ஐந்து அடையாளங்கள் தருகிறேன். அவற்றை மட்டும் எதிர்பார்த்துக் காத்திருங்கள்.

முதல் அடையாளம் தொடக்கமே. தாழ்ந்த தந்திகள் ஒரு தாவல் போடும். உடனே வயலின்கள் அதையே திருப்பிச் சொல்லும். குருவும் சிஷ்யனும் போல இல்லை, வாக்குவாதம் போல. அந்தத் தாவலின் அளவு, ச-விலிருந்து சுத்த தைவதம். தாவிப் பிடித்த உயரத்தில் நிற்க முடியாமல் இறங்கி, தாவல்கள் சின்னதாகச் சுருங்கி, கடைசியில் வயலின்கள் ஒரே சுரத்தை மெல்ல மூன்று தடவை தொட்டு அடங்கும். குறில், குறில், நெடில். டி மைனரின் டி-யை ச என்று வைத்துக்கொண்டால் அந்தச் சுரம் பஞ்சமம். இந்தப் பஞ்சமத்தை மறக்காதீர்கள். கடைசிப் படியில் இதற்கு வேலை இருக்கிறது.

இரண்டாவது அடையாளம் சில நிமிடம் கழித்து. கீழே தந்திகள் நாடி போல ஒரே சீராகத் துடிக்க, அதற்கு மேல் வயலின்கள் நீளமான சுரங்களில் பெரிய பெரிய இடைவெளிகளைத் தாண்டும். குளிர்ந்த வெளிச்சம் போன்ற இசை. இங்கே எதுவும் நடக்கவில்லையே என்று தோன்றினால் சரியாகக் கேட்கிறீர்கள் என்று பொருள். அந்த அமைதிக்குத்தான் பின்னால் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவதைத் தவறவிடவே முடியாது. பியானோ. அதுவரை ஒளிந்திருந்த பியானோ திடீரென்று அடி ஸ்தாயியில் கட்டை கட்டையாக அடிக்கத் தொடங்கும். அதன்மேல் ஹார்ன்கள் தங்கள் வழக்கமான கம்பீரத்தை விட்டு, அடித்தொண்டையில் உறுமும். அவை உறுமுவது நாம் முன்பு கேட்ட மெல்லிய மெட்டைத்தான். அங்கிருந்து வேகம் கூடிக்கொண்டே போகும். டிரம்பெட்டும் ஸ்னேர் டிரம்மும் டிம்பனியும் (சுரம் கூட்டிய பெரிய முரசுகள்) சேர்ந்து அதே மெட்டை ராணுவ அணிவகுப்பாக மாற்றும். எனக்கு இந்தச் சிம்பொனியின் பயங்கரம் இதுதான்: அணிவகுப்புக்கு என்று தனியாக ஒரு மெட்டு எழுதவில்லை. முன்பு தனிமையில் பாடிய அதே மெட்டுக்குச் சீருடை மாட்டிவிட்டிருக்கிறார்.

நான்காவது, அந்த ஓட்டத்தின் உச்சியில் தாளமெல்லாம் நின்று, தந்திகளும் மரக்குழல்களும் (புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட் போன்றவை) ஒரே குரலில் சேர்ந்து பேசும் இடம். பக்கவாத்தியம் இல்லாத விருத்தம் போல. ஏறத்தாழ முழு ஆர்க்கெஸ்ட்ராவும் ஒரே வாயாகிவிடும்.

ஐந்தாவது, பரிசு. புயல் ஓய்ந்ததும் அந்தக் குளிர்ந்த இரண்டாம் மெட்டு திரும்ப வரும், ஆனால் மேஜரில். புல்லாங்குழல் பாட, ஒரு ஹார்ன் ஓரடி பின்னால் அதே மெட்டைத் தொடர்ந்து வரும். சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாக மாறினால் மனம் எப்படித் திறக்கும் என்று கர்நாடக இசை கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம், அதே வேலைதான். நீடிக்காது. முடிவில் தனி வயலின், தூரத்தில் டிம்பனியும் டிரம்பெட்டும் மெல்லிய குறில் குறில் நெடில். அதற்கு மேல் செலஸ்டா அரைச் சுரம் அரைச் சுரமாகப் படியேறும். எங்கே போகிறது என்று சொல்லாமலே போய்விடும்.

இந்தப் பகுதியை ஒரே நாளில் இரண்டு தடவை கேளுங்கள். இரண்டாம் தடவையில் மூன்றாவது அடையாளம் வருவதற்கு முன்பே வயிற்றில் ஒரு பயம் பிடிக்கும். இசைக்குள் வந்துவிட்டீர்கள்.

நான்காம் படி: இரண்டாம் பகுதி, ஐந்து நிமிடம்

அலெக்ரெட்டோ. செல்லோவும் டபுள் பாஸும் கனத்த காலடியோடு தொடங்கும் மூன்று தட்டு நடனம். கிராமத்து ஆள் பெரிய மனிதர் வீட்டு விருந்தில் ஆடுவது போன்ற முரட்டு ஆட்டம். குஸ்தாவ் மாலரின் சிம்பொனிகளைக் கேட்டவர்களுக்கு இந்த ஆட்டம் பழக்கப்பட்டதாக இருக்கும். ஷோஸ்தகோவிச்சுக்கு மாலர்மேல் அப்படியொரு காதல்.

நடுவில் தனி வயலின், ஹார்ப்பும் சுண்டி வாசிக்கும் செல்லோவும் துணையிருக்க, வேண்டுமென்றே சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு ஒரு கொஞ்சல் மெட்டைப் பாடும். பிறகு அதைப் புல்லாங்குழல் வாங்கும். தொடக்கத்து முரட்டு நடனம் திரும்பும்போது தந்திகள் வில்லைப் போடாமல் விரலால் சுண்டி வாசிக்கும். அதே ஆள் இப்போது குதிகாலைத் தூக்கி நடக்கிறார். முடியும் தறுவாயில் ஓபோ ஒரு கணம் மட்டும் அந்தக் கொஞ்சல் மெட்டைச் சோகமாகச் சொல்லிப் பார்க்கும். உடனே முழு ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து அதன் வாயை அடைத்து ஆட்டத்தை முடித்துவிடும். அந்த ஓபோவைக் கேட்டுவிட்டால் போதும். முதல் பகுதிக்கும் லார்கோவுக்கும் நடுவில் மூச்சு வாங்க ஒரு திண்ணை இது; இதற்கு மேல் ஆராய வேண்டாம்.

ஐந்தாம் படி: கடைசிப் பகுதி, மூன்று துண்டுகளாக

அலெக்ரோ நான் ட்ரோப்போ. முதல் துண்டு: லார்கோ முழுக்க வாய்மூடி இருந்த பித்தளை வாத்தியங்கள் டிம்பனி அடியோடு பாய்ந்து வரும். லார்கோ அடங்கிய கோர்டு காதில் இருக்கும்போதே இது வரும் என்பதால் முதல் தடவை கேட்பவர்கள் அநேகமாக எல்லோரும் துள்ளிவிடுவார்கள். வேகம் ஏறிக்கொண்டே போகும். நடுவில் ஒரு டிரம்பெட் தனியாக எழுந்து இன்னொரு மெட்டு பாடும்.

இரண்டாம் துண்டு, பலரும் கவனிக்காமல் தாண்டிவிடுவது. சத்தமெல்லாம் உச்சத்தில் உடைந்து ஒரு ஹார்ன் மட்டும் மிஞ்சும். சற்று முன் டிரம்பெட் கத்திய மெட்டை அது மென்மையாகச் சொல்லும். பிறகு வயலின்கள் மேலே மேலே போய், ஓரிடத்தில் ஹார்ப்பும் வந்து ஒரு சின்ன அலை போன்ற வடிவத்தை ஆட்டிக்கொண்டே இருக்கும். இங்கே ஒரு ரகசியம் இருக்கிறது. சிம்பொனிக்குச் சற்று முன் ஷோஸ்தகோவிச் ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் கவிதைகள் சிலவற்றுக்கு இசையமைத்தார், ஓபஸ் 46. அதில் முதல் பாட்டின் பெயர் ‘மறுபிறப்பு’. முரட்டு ஓவியன் ஒருவன் தூக்கக் கலக்கத்தில் ஒரு மேதையின் ஓவியத்தின் மேல் தன் கறுப்பு வண்ணத்தைப் பூசிவிடுகிறான். வருடங்கள் போகப்போக அந்த வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்து, அடியில் இருந்த ஓவியம் பழைய அழகோடு வெளியே வருகிறது. அதே போல என் மனதில் படிந்த மயக்கங்களும் உதிர்கின்றன என்று கவிதை போகும். மயக்கங்கள் உதிரும் அந்த வரிகளுக்குப் பியானோவில் எழுதிய அலையைத்தான் இங்கே ஹார்ப்பிடம் கொடுத்திருக்கிறார். முரட்டு ஓவியன் என்ற சொற்களுக்கு எழுதிய முதல் நான்கு சுரங்கள்தான், இந்தப் பகுதியின் தொடக்கத்தில் பித்தளை வாத்தியங்கள் முழங்கிய மெட்டின் முதல் நான்கு சுரங்கள். அன்று அரங்கில் இருந்தவர்களுக்கு இது தெரிய வழியே இல்லை; அந்தப் பாட்டு அப்போது மேடையேறியிருக்கவில்லை. அந்தப் பாட்டைத் தேடி ஒரு தடவை கேட்டுவிட்டு வாருங்கள், இரண்டு நிமிடம்தான். பிறகு ஹார்ப் வரும் இடத்தில் நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது.

மூன்றாம் துண்டு: டிம்பனியும் ஸ்னேர் டிரம்மும் மெல்லத் தட்ட, முரட்டு ஓவியன் மெட்டு மரக்குழல்களில் மெதுவாகத் திரும்பும். படிப்படியாகக் கனம் ஏறி, டி மைனர் டி மேஜராக உடையும். டிரம்பெட்டுகள் வெற்றி முழக்கம் போல் அந்த மெட்டை நீட்டிச் சொல்ல, அடியில் தந்திகளும் மரக்குழல்களும் பியானோவும் ஒரே ஒரு சுரத்தை அடிக்கத் தொடங்கும். அந்தச் சுரம் ஏ. டி-யை ச என்று வைத்தால், அதே பஞ்சமம். 200 தடவைக்கு மேல், அதே சுரம், அதே அழுத்தம், மூச்சு விடாமல்.

ஆறாம் படி: அந்தப் பஞ்சமத்தை மட்டும்

இந்த முடிவு வெற்றியா, கட்டாயச் சிரிப்பா என்ற சண்டை 1937-லேயே தொடங்கிவிட்டது. எழுத்தாளர் அலெக்சாந்தர் ஃபதேயெவ் அப்போதே தன் நாட்குறிப்பில், இந்த முடிவு வெற்றி போல ஒலிக்கவில்லை, தண்டனை போல, யார் மீதோ பழிவாங்குவது போல இருக்கிறது என்று எழுதி வைத்தார். அவர் சோவியத் எழுத்தாளர் சங்கத்தின் முக்கியப் புள்ளி. அரசாங்கப் பத்திரிகைகளோ மனிதன் துன்பத்தைக் கடந்து மகிழ்ச்சியை அடைகிறான் என்று பாராட்டின. 1979-இல் ஷோஸ்தகோவிச்சின் நினைவுகள் என்று வெளிநாட்டில் வந்த ஒரு புத்தகம், அது அடித்துச் சிரிக்க வைத்த சிரிப்பு என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தது. அது உண்மையில் அவர் சொன்னதுதானா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. அதனால் அதை வைத்து நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். சுரங்களிடம் கேட்கலாம்.

மைனர் மேஜராவதற்கு மாற வேண்டியது காந்தாரம். பஞ்சமம் இரண்டிலும் ஒன்றேதான். அதற்கு சோகமும் தெரியாது, மகிழ்ச்சியும் தெரியாது. ஷோஸ்தகோவிச் நினைத்திருந்தால் அந்தர காந்தாரத்தை மினுக்கி, வானவேடிக்கை விட்டிருக்கலாம். மகிழ்ச்சியைச் சொல்லும் சுரம் அதுதான். அத்தனை பேரையும் அவர் உட்கார வைத்திருப்பதோ, எதுவும் மாறாத சுரத்தில். மேலே டிரம்பெட்டுகள் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்கின்றன. கீழே நூறு கைகள் எதையும் சொல்லாமல் வேலை செய்கின்றன. பித்தளை கோர்டுகளில் ஓரிரு இடத்தில் மைனரின் நிழல் வந்து உரசிப் போவதையும் கேட்கலாம். இன்னொன்று: லார்கோவின் ஆதார சுரம் எஃப் ஷார்ப். டி-யை ச-வாக வைத்தால் அதுதான் அந்தர காந்தாரம். மகிழ்ச்சிக்கு உரிய சுரத்தை அவர் அழுகைக்கு வீடாகக் கொடுத்துவிட்டார். இதை அவர் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. என் காதுக்கு அப்படி அமைகிறது.

இப்போது எடுத்து வைத்த பதிவுகள். அச்சுப் பிரதிகளில் இந்த இறுதிக்கு வேகக் குறிப்பு இரண்டு விதமாக வந்திருக்கிறது. ஒன்றில் கால் சுரத்துக்கு (குவார்ட்டர் நோட் என்னும் கால அளவுக்கு) நிமிடத்துக்கு 188; இன்னொன்றில் அதில் பாதி நீளமுள்ள சுரத்துக்கு 184. அதாவது வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்கு வித்தியாசம். பெர்ன்ஸ்டைன் 1959-இல் நியூயார்க் பில்ஹார்மோனிக்கோடு மாஸ்கோ போய் ஷோஸ்தகோவிச்சின் முன்னிலையிலேயே இதை வாசித்தார்; ஊர் திரும்பியதும் பதிவு செய்தார். அவர் இறுதியைப் பறக்க விடுவார்; பஞ்சமம் பட்டாசு போல வெடித்து ஓடிவிடும். ம்ராவின்ஸ்கி மெதுவாக, நிமிர்ந்த நடையில் வருவார். ஷோஸ்தகோவிச்சின் நண்பர் ரொஸ்த்ரபோவிச் நடத்திய பதிவும் அப்படித்தான். அதில் ஒவ்வொரு அடியும் ஆணி அறைவது போல விழும். பெர்ன்ஸ்டைனின் வேகத்தை ரசித்துக் கேட்கலாம், ஆனால் என் கட்சி மெதுவான கட்சி. அந்தச் சுரத்தை எண்ணுகிற அளவுக்கு நேரம் கிடைத்தால்தான் அது என்ன செய்கிறது என்று தெரிகிறது.

இரண்டு பதிவுகளின் கடைசி இரண்டு நிமிடத்தை மட்டும் அடுத்தடுத்துப் போடுங்கள். பெர்ன்ஸ்டைன் முதலில். வாத்தியங்களைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு, பஞ்சமத்தை மட்டும் விரலால் தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள். மெதுவான பதிவில் ஒரு கட்டத்தில் விரல் வலிக்கும், விடாதீர்கள். கடைசியில் டிம்பனி ச-வுக்கும் ப-வுக்கும் மாறி மாறி அடிக்க, பெரிய முரசு சேர்ந்துகொள்ள, எல்லோரும் ஒரே அடியில் நிற்பார்கள்.

ஏழாம் படி: முழுசாக, வரிசையில்

வேறொரு நாள், தொடக்கத்திலிருந்து நிறுத்தாமல் நான்கு பகுதிகளையும் கேளுங்கள். முதல் நிமிடத்திலேயே, தாவல்கள் எல்லாம் சுருங்கி முடிந்ததும், வயலின்கள் அந்தப் பஞ்சமத்தை மூன்று தடவை தொடும். மிக மெல்ல. கையில் தட்டிப் பழகிய சுரம் என்பதால் இந்தத் தடவை தவறவிட மாட்டீர்கள்.